மலையொளியும் மோட்டார் வர்ணமும்

வத்தலக்குண்டில் பேருந்து ஏறிக் கொடைக்கானலுக்குச் செல்பவர்கள், மலை உயர உயரக் குளிர் மிகுவதை உணர்கிறார்கள்; காது அடைப்பதை உணர்கிறார்கள்; வாழையும் தென்னையும் மறைந்து காப்பித் தோட்டங்களும், அவற்றிற்கு மேல் பைன் மரங்களும் தோன்றுவதைக் கண்டு மகிழ்கிறார்கள். அதே பயணத்தில் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே வரும் மற்றொன்றும் உண்டு. அதனைப் பெரும்பாலும் எவரும் பொருட்படுத்துவதில்லை. அதுதான் வெளிச்சம். சமவெளியின் புழுதி கலந்த வெயில் வேறு. 7,000 அடி உயரத்தில் மூடுபனி விலகிய காலையில் விழும் வெயில் வேறு. இந்த வேறுபாடு காரணமாக ஓர் எளிய தொழிலாளி பொய்யன் என்று பெயரெடுத்ததை நான் என் கண்ணால் கண்டேன். ஒரு மோட்டார் காரின் கதவுக்கு அவர் பூசிய நீல வர்ணமே அதற்குக் காரணம். அந்த நிகழ்ச்சியில் தொடங்கி, நிறத்தோடு நிறம் பொருத்தும் தொழிலின் வரலாற்றை உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

1974-ஆம் ஆண்டு அது. எனக்கு அப்போது வயது 14. என் தாய்மாமன் கொடைக்கானலில் பேரிக்காயும் உருளைக்கிழங்கும் வாங்கி மதுரைக்கு அனுப்பும் வாணிகம் செய்துவந்தார். அவரிடம் 1966-இல் வாங்கிய அம்பாசடர் கார் ஒன்று இருந்தது. வங்காளத்து உத்தரபாராவில் செய்யப்பட்டு, கப்பல் நீலத்துக்கும் வான் நீலத்துக்கும் இடைப்பட்ட ஒரு நிறத்தோடு வந்த வண்டி. பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவில் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று உரசிச் சென்றதில், அதன் இடப்புறத்துப் பின்கதவும் மட்கார்டும் நசுங்கின. மலையில் அன்று அந்த வேலைக்கு வசதி இல்லை. ஆகவே கீழே சமவெளியில் ஒரு பட்டறைக்கு வண்டியை அனுப்பினார் மாமா. நசுங்கிய தகட்டை நிமிர்த்தி, பட்டி வைத்து, நீர்த்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல் நீல வர்ணத்தைப் பீய்ச்சி, பத்து நாளில் வண்டியைத் திருப்பித் தந்தார்கள். மாலையில் பட்டறைக் கொட்டகைக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்தபோது பழைய கதவு எது, புதிய கதவு எது என்று சொல்ல இயலவில்லை. மாமா மகிழ்ந்து கூலியில் பாதியைக் கொடுத்தார். மீதியை அடுத்த வாரம் அனுப்புவதாகக் கூறினார். இரவோடிரவாக மலையேறினோம்.

மறுநாள் காலை வெயில் வந்தது. வாசலில் நின்ற வண்டியைக் கண்டு என் அத்தைதான் முதலில் சொன்னார்: “என்ன இது, வேறொரு வண்டியின் கதவை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள்!” உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. பழைய முன்கதவின் நீலத்தில் ஊதாச் சாயல் ஓடிற்று. புதிய பின்கதவோ பச்சை நோக்கிச் சாய்ந்த நீலமாய் நின்றது. மாமாவுக்குக் கோபம் வந்தது. மட்டமான வர்ணத்தை அடித்துவிட்டு இரவில் வண்டியைக் காட்டி ஏமாற்றிவிட்டான் என்று கடைத்தெரு முழுவதும் சொன்னார். மீதிப் பணத்தையும் அனுப்பவில்லை. நானும் பள்ளியில் என் நண்பர்களிடம் அதையே சொன்னேன். அந்த வர்ணக்காரருக்குக் கொடைக்கானலிலிருந்து வரவேண்டிய வண்டிகள் இரண்டொன்று வராமற்போயின என்று பின்னர் அறிந்தேன்.

அவர் ஏமாற்றினாரா? இதற்கு விடை சொல்வதற்கு முன், இந்தத் தொழில் எவ்வாறு பிறந்தது என்பதைச் சிறிது பார்க்கவேண்டும்.

1845-இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் நெடுங்காலம் நடந்தும், மட்டக்குதிரையிலும், ஆட்கள் சுமந்த டோலியிலுமே மலையேறினார்கள். 1875-இல் அம்மையநாயக்கனூர் வழியாக இரயில் வந்தது. அந்த நிலையமே இன்றைய கொடைக்கானல் ரோடு. ஆயினும் அங்கிருந்து மேலே செல்ல மாட்டு வண்டியும் டோலியுமே கதி. மோட்டார் வண்டி ஏறத்தக்க காட் ரோடு பயனுக்கு வந்தது 1910-களின் நடுவிலேதான்.

அக்காலத்து மோட்டார் வண்டிகளுக்கு வர்ணம் பூசியவர்கள் யாவர்? குதிரை வண்டிகளுக்குப் பூசிய அதே கைவினைஞர்கள்தாம். சென்னையில் 1840-இல் தோன்றிய சிம்ப்ஸன் கம்பெனி கோச்சு வண்டிகள் கட்டிப் புகழ்பெற்றது. 1903-இல் அங்கே பணிபுரிந்த சாமுவேல் ஜான் கிரீன் நீராவியால் ஓடும் கார் ஒன்றைச் செய்தார். கோச்சு வர்ணக்காரர்கள் எண்ணெய் வர்ணத்தையும் வார்னிஷையும் தூரிகையால் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசினர். ஒரு பூச்சு உலர்ந்து, தேய்த்து, மறு பூச்சுப் பூசி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். ஹென்றி ஃபோர்டு தம்முடைய ‘மாடல் டி’ காரை 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே விற்றதை நீங்கள் அறிந்திருக்கலாம். அதை அவருடைய பிடிவாதமாகச் சிலர் கதை சொல்வர். எனக்குத் தோன்றுவது வேறு. எல்லா வண்டியும் ஒரே கறுப்பாக இருந்தால் வர்ணச் செலவும் காலச் செலவும் குறையும். நிறப் பொருத்தம் என்ற தொல்லையும் பெரிதாக எழாது.

இந்த நிலையை மாற்றியவை இரண்டு. ஒன்று, பீய்ச்சும் துப்பாக்கி. அமெரிக்காவில் ஆலன் டிவில்பிஸ் என்னும் மருத்துவர், நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்தைத் துளிகளாகத் தூவ ஒரு கருவி செய்தார். அவருடைய மகன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே தத்துவத்தை வர்ணம் தூவுவதற்குப் பயன்படுத்தினார். இன்று நம் ஊர்ப் பட்டறைகளில் கம்பிரசரோடு இணைத்துப் பிடிக்கும் ஸ்பிரே கன் அந்தத் தொண்டை மருந்துக் கருவியின் வழித்தோன்றலே. மற்றொன்று, நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். பருத்தி நாரை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்திப் பெறும் பொருளைக் கரைத்துச் செய்த இவ்வர்ணத்தை, டூபாண்ட் கம்பெனியார் ‘டூகோ’ என்ற பெயரால் 1923-இல் மோட்டார் கார்களுக்குக் கொண்டுவந்தனர். ஓக்லண்டு என்ற காரே அதனை முதலில் அணிந்தது. அதன் நிறமும் நீலமே. வாரங்கள் ஆன வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. டூகோவின் பெயர் எவ்வளவு ஊன்றிவிட்டதென்றால், நம் நாட்டுப் பட்டறைகளில் எந்தக் கம்பெனியின் லேக்கராயினும் அதனை ‘டூகோ பெயிண்ட்’ என்றே நெடுங்காலம் அழைத்துவந்தார்கள்.

விரைவில் உலரும் வர்ணமும், மெல்லியதாகத் தூவும் கருவியும் கிடைத்தபின், முழு வண்டிக்கும் வர்ணம் பூசாமல் அடிபட்ட கதவுக்கு மட்டும் பூசுவது எளிதாயிற்று. அன்றே புதிய தொல்லையும் பிறந்தது. பக்கத்துக் கதவின் நிறத்தோடு இது பொருந்தவேண்டுமே! முழு வண்டியையும் பூசுபவனுக்கு நிறம் சிறிது முன்பின் ஆனாலும் குறையில்லை. ஒரு கதவைப் பூசுபவனுக்கோ மயிரிழை வேறுபாடும் பழியாக முடியும்.

ஏன் அவ்வளவு சிறு வேறுபாடும் கண்ணுக்குத் தெரிகிறது? இதற்கு விடை மோட்டார் பட்டறையில் அன்று, பாரிஸ் நகரத்துக் கம்பளப் பட்டறை ஒன்றில் கிடைத்தது. கோபலேன் என்னும் அரசாங்க நெசவுச் சாலைக்கு 1824-இல் சாயப் பகுதித் தலைவராக நியமிக்கப்பட்டவர் செவ்ரல் என்ற வேதியியல் அறிஞர். அங்கே நெசவாளர்களிடமிருந்து அவருக்கு வந்த முறையீடுகளுள் ஒன்று, கறுப்புச் சாயம் வலுவின்றி இருக்கிறது என்பது. செவ்ரல் அந்த நூலைப் பிற இடத்துக் கறுப்பு நூல்களோடு ஒப்பிட்டுச் சோதித்தார். சாயத்தில் குற்றமில்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் அருகில் நெய்யப்பட்டபோது மட்டுமே அந்தக் கறுப்பு வெளிறித் தோன்றிற்று. பக்கத்தில் இருக்கும் நிறம் இந்த நிறத்தை மாற்றிக் காட்டுகிறது. இரண்டின் எல்லையில் வேற்றுமையைக் கண் மிகைப்படுத்துகிறது. இதனை அவர் 1839-இல் பெரிய நூலாக எழுதி வெளியிட்டார். சாயக்காரன்மீது சுமத்திய பழியை ஓர் அறிஞர் பொறுமையாக ஆராய்ந்து நீக்கிய வரலாறு இது. அதனாலேயே செவ்ரலை எனக்குப் பிடிக்கும்.

பிரான்சு நாட்டிலேயே அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், 1729-இல், பூகே என்பவர் ஒளியை அளப்பதைப்பற்றி ஆராய்ந்து மற்றோர் உண்மையைக் கூறியிருந்தார். இரண்டு வெளிச்சங்களில் ஒன்று மற்றொன்றைப்போல் எத்தனை மடங்கு என்று கண்ணால் சொல்ல முடியாது. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்தால் அவை சமமா அல்லவா என்று கண் நுட்பமாகச் சொல்லிவிடும். கண் அளப்பதில் ஏழை, ஒப்பிடுவதில் செல்வன். நினைவில் வைத்த நீலத்தைக் கொண்டு வர்ணம் கலக்கும் தொழிலாளி ஏன் தவறுகிறார், தகரத்துண்டில் அடித்துக் கதவின்மேல் வைத்துப் பார்ப்பவர் ஏன் வெல்கிறார் என்பது இதனால் விளங்கும்.

இனி நாம் கொடைக்கானலுக்குத் திரும்புவோம். அங்கே நம் கேள்விக்குப் பெரிதும் உதவும் ஓர் இடம் இருக்கிறது. ஏரியிலிருந்து மேற்கே ஏறிச் சென்றால், 2,343 மீட்டர் உயரத்தில் சூரிய வானாய்வுக்கூடம் நிற்கிறது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய பெரும் பஞ்சத்துக்குப் பின், சூரியனின் மாறுதல்களுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா என்று ஆராயவேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. மிச்சி ஸ்மித் என்பவர் பழனி மலையிலும் நீலகிரியிலும் தக்க இடம் தேடினார். 1895-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. சென்னையிலிருந்த வானாய்வுப் பணி 1899-இல் இங்கு மாறிற்று. 1907-இல் வந்து சேர்ந்த ஜான் எவர்ஷெட், 1909 ஜனவரியில், சூரியப் புள்ளிகளின் ஓரப் பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். அவர் எவ்வாறு கண்டார் என்பதுதான் நமக்கு வேண்டியது. சூரிய ஒளியைப் பிரித்து நீண்ட நிறமாலையாக்கி, அதில் குறுக்கே ஓடும் மெல்லிய கறுப்புக் கோடுகள் இருந்த இடத்தைவிட்டு மயிரிழை நகர்ந்திருப்பதை அவர் கண்டார். நிறத்தின் மிகச் சிறு மாறுதலை அளந்த சாதனை அது. இத்தகைய சிறு நகர்வுகளை அளக்கப் பின்னர் அவர் கையாண்ட முறையும் ஒப்பிடும் முறையே. படத்தின் நெகடிவ் தகட்டின்மேல் அதன் பாசிடிவ் தகட்டைத் திருப்பிப் பொருத்தி, கோட்டோடு கோடு ஒன்றும்வரை நகர்த்தினார்.

நான் கல்லூரி மாணவனாக இருந்தபோது அந்தக் கூடத்துக்குச் சென்று சூரியனின் நிறமாலையைக் கண்டேன். சிவப்பு முதல் ஊதா வரை ஒன்றோடொன்று இழைந்து செல்லும் அகன்ற நாடா. அதில் கறுப்புக் கோடுகள். பின்னர் எங்கள் ஆசிரியர் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒரு டியூப் லைட்டின் ஒளியைப் பட்டகத்தின் வழியே காட்டினார். அதுவும் கண்ணுக்கு வெள்ளை ஒளிதான். ஆனால் அதன் நாடாவில் நீலத்திலும் பச்சையிலும் சில கோடுகள் கூர்மையாகப் பளிச்சிட்டன. அடர்சிவப்புப் பகுதி ஏறத்தாழ வறண்டு கிடந்தது. பாதரச ஆவியின் கோடுகள் அவை என்று ஆசிரியர் கூறினார். அந்தக் கணத்தில் எனக்கு மாமாவின் கார்க் கதவு நினைவுக்கு வந்தது.

இதனைச் சிறிது விளக்குவேன். சூரிய வெள்ளொளி பல நிறங்களின் தொகுதி என்பதை 1666-இல் நியூட்டன் பட்டகத்தைக் கொண்டு காட்டினார். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் யங், நம் கண்ணில் மூன்று வகை உணர்விகளே இருக்கவேண்டும் என்றார். மாக்ஸ்வெல், சுழலும் வர்ணத் தட்டுகளைக் கொண்டு, மூன்று அடிப்படை நிறங்களை அளவறிந்து கலந்தால் மற்ற நிறங்களைப் பொருத்திக்காட்டலாம் என்று மெய்ப்பித்தார். எண்ணற்ற நிறங்கள் கலந்து வரும் ஒளியைக் கண் மூன்றே எண்களாகச் சுருக்கிவிடுகிறது என்பது இதன் பொருள். நூறு பக்கக் கணக்கேட்டின் கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பவன்போலக் கண் நடந்துகொள்கிறது. வேறு வேறு வரவுகள் கொண்ட இரண்டு கணக்குகள் ஒரே கூட்டுத்தொகை தரலாம் அல்லவா? அவ்வாறே, வேறு வேறு நிறமிகளால் ஆன இரண்டு வர்ணங்கள் ஒரு வெளிச்சத்தில் முற்றும் ஒன்றாகத் தோன்றும். வெளிச்சம் மாறினால் கணக்கும் மாறும்; ஒப்புமை குலைந்துவிடும். அறிவியலார் இதனை மெட்டமெரிசம் என்பர். நாம் பொய்யொப்பு என்று பெயரிட்டுக்கொள்வோம்.

நீல வர்ணத்தில் இந்தப் பொய்யொப்பு எளிதில் நேரும். ஏனெனில் நீலம் ஒன்றல்ல. பெர்லினில் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்ட பிரஷ்யன் நீலம் ஒன்று. மலைக் கல்லிலிருந்து பொன் விலைக்குப் பெற்று, பின்னர் 1828 அளவில் செயற்கையாகச் செய்யக் கற்றுக்கொண்ட அல்ட்ராமரின் மற்றொன்று. மூன்றாவது தாலோசயனின் நீலம். 1928-இல் ஸ்காட்லாந்தில் ஒரு சாயத் தொழிற்சாலையில், கண்ணாடிப் பூச்சு விரிசல் கண்ட கலத்தின் இரும்பு உள்ளே இருந்த பொருளோடு கலந்து, எதிர்பாராது ஒரு நீலப்பொருள் உண்டாயிற்று. அதன் வழியே ஆராய்ந்து, இரும்புக்குப் பதில் செம்பு சேர்ந்த நீலத்தை 1935-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். வெயிலில் எளிதில் மங்காத அந்த நீலம் மோட்டார் வர்ணத்துக்கு மிகவும் ஏற்றதாயிற்று. இவற்றுள் அல்ட்ராமரின், நீலத்தோடு அடர்சிவப்பு ஒளியையும் திருப்பி அனுப்பும் இயல்புடையது. அதனால்தான் அதில் ஊதாச் சாயல். தாலோசயனினோ சிவப்பை விழுங்கிவிடும். பச்சையின் பக்கம் சாயும். சிவப்பே வறண்ட டியூப் லைட்டின் கீழ் இவ்வேறுபாடு ஒளிந்துகொள்ளும். சிவப்பும் நிறைந்த வெயிலில் இரண்டும் பிரிந்து நிற்கும்.

மலை வேறு சில இன்னல்களையும் சேர்க்கிறது. 1,000 மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் ஏறக்குறைய 10 விழுக்காடு மிகும் என்பர். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எட்டாண்டு அந்த வெயிலில் நின்ற வண்டியின் வர்ணம், தொழிற்சாலையைவிட்டு வந்த நாளின் வர்ணம் அன்று. மேற்பரப்பு மெல்லச் சிதைந்து சுண்ணாம்புபோல் வெளிறும். ஆகவே அனுபவம் உள்ள வர்ணக்காரர் முதலில் பழைய கதவை ரப்பிங் பாலிஷ் இட்டுத் தேய்த்து, உள்ளிருக்கும் உண்மை நிறத்தை வெளிக்கொணர்ந்த பின்னரே கலக்கத் தொடங்குவார். மாலை நேரத்திலும் நிறம் பார்க்கலாகாது. வெளிச்சம் மங்கும்போது சிவப்பு கறுத்தும் நீலம் ஒளிர்ந்தும் தோன்றும் என்பதைப் பொகீமியா நாட்டுப் புர்க்கின்யே என்னும் அறிஞர், பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்டு 1825-இல் எழுதினார். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைக் கொடைக்கானல் சரிவுகளில் அந்திப் பொழுதில் கண்டவர்களுக்கு இது புதிதன்று.

இங்கே ஒரு சிறு செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. ‘நிறம் பார்ப்பதற்கு வடக்குப் பக்கத்துச் சாளர ஒளியே சிறந்தது’ என்று ஐரோப்பியக் கைநூல்கள் எழுதும். அவர்கள் நாட்டில் அது முற்றும் உண்மை. நண்பகல் வெயில் எக்காலத்திலும் தெற்கிலிருந்தே வரும். கொடைக்கானலோ வடக்கே 10 பாகையில் உள்ளது. ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்டு இறுதிவரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே செல்கிறது. அந்த மாதங்களில் வடக்குச் சாளரத்தின் வழியே நேர் வெயில் அடிக்கும். நூலில் படித்ததை நம் ஊர் வானத்தோடு ஒத்துப் பார்க்கவேண்டும் என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியவில்லை.

பின்னர் நிறத்தை எண்ணால் குறிக்கும் முயற்சி வெற்றி பெற்றது. இங்கிலாந்தில் ரைட் என்பவர் 10 பேரையும், கில்டு என்பவர் 7 பேரையும் அமர்த்தி, ஒளியோடு ஒளியைப் பொருத்தச் செய்து, அவர்கள் கண்களின் சராசரியைக் கண்டனர். அந்த 17 பேரின் கண்களே 1931-இல் உலகத்துக்கெல்லாம் ‘நியமக் கண்’ என்று அனைத்துலக ஒளியியல் குழுவினரால் ஏற்கப்பட்டது. எந்த வெளிச்சத்தில் பார்ப்பது என்பதற்கும் நியம ஒளிகளை அப்போதே வகுத்தனர். அதே ஆண்டில் குபெல்கா, முங்க் என்ற இருவர், நிறமிகள் ஒளியை எவ்வளவு விழுங்கும், எவ்வளவு சிதறும் என்பதைக் கணக்கிடும் சமன்பாடுகளை வெளியிட்டனர். இவ்விரண்டையும் இணைத்து, வர்ணக் கலவையின் அளவைச் சொல்லும் கணக்குப்பொறி ஒன்று 1958-இல் அமெரிக்காவில் வந்தது. இன்று பெரிய பட்டறைகளில், கையடக்கமான நிறமாலைமானியைக் கதவின்மேல் வைத்து அழுத்தினால், எந்த நிறமியில் எத்தனை கிராம் என்று திரையில் காட்டிவிடுகிறது. ஒவ்வொரு காரிலும் அதன் வர்ணக் குறியெண் பொறித்த சிறு தகடோ ஒட்டுத்தாளோ இருக்கிறது.

அப்படியானால் தொழிலாளியின் கண்ணுக்கு வேலை இல்லையா என்று கேட்கலாம். நிரம்ப இருக்கிறது. அலுமினியத் துகள் கலந்து மினுக்கும் வர்ணங்களை எண்ணிப் பாருங்கள். அந்தத் துகள்கள் படுத்திருக்கும் சாய்வைப் பொறுத்து, நேரே பார்த்தால் ஒரு நிறம், பக்கவாட்டில் பார்த்தால் மற்றொரு நிறம். துப்பாக்கியைச் சற்று நெருக்கிப் பிடித்தாலும், தின்னரைச் சிறிது கூட்டினாலும், காற்றழுத்தத்தைக் குறைத்தாலும் துகள்கள் வேறுவிதமாகப் படுத்துவிடும்; ஒரே டப்பாவிலிருந்து எடுத்த வர்ணமும் வேறாகிவிடும். ஆகவே கைதேர்ந்தவர்கள் அடிபட்ட கதவோடு நிறுத்துவதில்லை. புதிய வர்ணத்தை அடுத்த கதவின்மேலும் படிப்படியாக மெலிந்து மறையுமாறு தூவிவிடுகிறார்கள். எல்லைக்கோடு இல்லாதபோது கண் வேற்றுமையைக் காண்பதில்லை.

இனி 1974-க்கு வருகிறேன். பணம் வராததைக் கண்டு, ஒரு மாதத்துக்குப் பின் அந்த வர்ணக்காரரே பேருந்தில் மலையேறி வந்தார். தோளில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு சிறு டப்பாக்கள், நாலைந்து தகரத்துண்டுகள். மாமா வாசலிலேயே நிறுத்தி, “என்னப்பா, பணம் கேட்க வந்தாயா?” என்றார். “பணத்துக்கு அவசரமில்லை ஐயா, வண்டியைப் பார்க்க வந்தேன்” என்றார் அவர். காலை பத்து மணி வெயில். வண்டியைச் சுற்றி இருமுறை வந்தார். குனிந்து, நிமிர்ந்து, பக்கவாட்டில் நின்று பார்த்தார். பின்னர் மெல்லிய குரலில், “இந்த நீலத்தில் சிவப்பு ஓடுகிறது ஐயா. நான் கலந்ததில் அது இல்லை. இந்த வெளிச்சத்தில் நான் பார்க்கவில்லை, தவறு என்னுடையதுதான். ஆனால் வர்ணம் மட்டமானதன்று” என்றார். மாமா நம்பவில்லை. அவரோடு வண்டியைக் கீழே கொண்டுசெல்ல மட்டும் இசைந்தார். நானும் உடன் போனேன்.

பட்டறையை அடைந்ததும் அவர் வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளச் செய்து, படுதாவை இழுத்துவிட்டு, டியூப் லைட்டைப் போட்டார். இரண்டு கதவுகளும் ஒன்றாயின. வண்டியை வெளியே தள்ளினோம். பிரிந்தன. மீண்டும் உள்ளே. மீண்டும் வெளியே. மூன்றாம் முறை மாமாவே தள்ளினார். அதன்பின் அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். பின்னர் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணி, “மேஸ்திரி, வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். மேஸ்திரி அன்று அதை வாங்கவில்லை.

மறுபடியும் கலப்பதற்கு அவருக்கு மூன்று நாள் ஆயிற்று. வேறொரு நீலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் தகரத்துண்டில் அடித்து, முழுவதும் உலரவிட்டு, பேருந்து நடத்துநரிடம் கொடுத்து மலைக்கு அனுப்பினார். காலை பத்து மணிக்கு அதனை முன்கதவின்மேல் வைத்துப் பார்த்து, ‘சிவப்புப் போதாது’ என்றோ ‘கறுப்பு மிகுதி’ என்றோ தாளில் எழுதி அதே பேருந்தில் திருப்பி அனுப்புவது என் பொறுப்பு. ஐந்தாவது தகரம் பொருந்திற்று. கதவுக்கும் மட்கார்டுக்கும் அதை அடித்து முடித்து, வண்டியை மலைக்குக் கொண்டுவந்து வெயிலில் நிறுத்திக் காட்டிய பின்னரே அவர் மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டார். கடைத்தெருவில் தாம் முன்பு பேசிய கடைகளுக்கெல்லாம் மாமா அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். எல்லாக் கடைக்காரரும் அதைக் காது கொடுத்துக் கேட்டார்கள் என்று சொல்லமாட்டேன்.

பொருந்தாத முதல் தகரத்துண்டையும் பொருந்திய ஐந்தாவதையும் நான் வைத்துக்கொண்டேன். அவை என் மேசை அறையில் இன்றும் இருக்கின்றன. இரவில் பழைய டியூப் லைட்டின் கீழ் அருகருகே வைத்தால் இரண்டும் ஒரே நீலம். காலையில் சாளரத்தருகே கொண்டுபோனால் இரண்டு நீலம்.